வாழைநார் முடிச்சு

ஆவணி மாதத்தில் ஒரு புதன்கிழமை, பட்டப்பகலில், கொடைரோட்டிலிருந்து சாமான் ஏற்றிவந்த குட்டி யானை வண்டி திண்டுக்கல் ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கத்துச் சந்துக்குள் பின்பக்கமாகவே நுழைந்து நின்றது. மடியில் மிக்சியை அணைத்தபடி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆனந்தி உடனே இறங்கவில்லை. இறங்குவதற்கு முன் பார்த்து முடிக்க வேண்டியது ஒன்று இருந்தது.

வீடு ஒன்றுதான். வாசல் இரண்டு. மாமனார் காலமானபின் பிள்ளைகள் நடுவில் சுவர் எழுப்பி ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். இடது பாதி ஆனந்தியின் புருஷன் மதியழகனுக்கு. வலது பாதி கொழுந்தன் முகேஷ்குமாருக்கு. பாகம் பிரித்த கையோடு ஆனந்தி குடும்பம் கொடைரோட்டுக்குக் குடிபோக, இடது பாதி ஒன்றரை வருஷமாகப் பூட்டிக் கிடந்ததில் சுண்ணாம்பு உதிர்ந்து, நிலைக்கதவில் கறையான் கோடு இழுத்திருந்தது. வலது பாதியோ பிஸ்தாப் பச்சைப் பெயிண்டு, எவர்சில்வர் கேட்டு, லேஸ் திரை என்று கல்யாணப் பெண் மாதிரி நின்றது. அந்தப் பக்கம் ஜன்னல் மூன்று, இந்தப் பக்கம் இரண்டு. எண்ணிவிட்டுத்தான் ஆனந்தி இறங்கினாள்.

"வாங்கக்கா, வாங்க!" ஓரகத்தி சத்யபிரியா நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். "இத்தன நாளு ஒத்தையில கெடந்தேன். இனிமே ஒரே வீடு மாதிரி இருக்கலாம்."

"இருக்கலாம் பிரியா. அதுக்குத்தான வந்திருக்கேன்," என்றாள் ஆனந்தி. கண் மட்டும் ஓரகத்தியின் தோளுக்குப் பின்னால், திறந்திருந்த கதவு வழியாக, உள்ளே பளபளத்த மாடுலர் கிச்சனைத் தொட்டுத் தடவிக்கொண்டிருந்தது.

சொந்தப் பாதியைத் திறந்ததும் எலி மூத்திர வாடை முகத்தில் அடித்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசனையும் மெல்லியதாக இருந்தது. ஈரத்துணியில் சுற்றி வைத்து மறந்துபோன பூவின் வாசனை. அது பின்கட்டு அறையிலிருந்து வந்தது.

அந்த அறையில்தான் வீட்டின் மூத்த மருமகள் பொம்முத்தாய் இருந்தாள். புருஷன் சடையாண்டி காய்ச்சலில் போனபின், பிள்ளைகுட்டி இல்லாத அவள் அங்கே ஒரு கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு, பூக்கடைகளுக்குக் கூலிக்குப் பூக்கட்டிக் கொடுத்துக் காலத்தை ஓட்டினாள். இப்போது அவளும் இல்லை. பாகம் பிரித்தபோது அந்த அறை யாருக்கு என்று தம்பிமார் இருவருக்கும் தகராறு வந்து, கடைசியில் கொத்தனார் அதன் நடுவிலேயும் சுவரைக் கொண்டுபோய்விட்டார். ஆளுக்கு மூன்றடி அகலம். ஒருக்களித்து நுழைந்தால் ஒருக்களித்தே திரும்ப வேண்டும். மேலே உத்தரம் போகிற இடத்தில் மட்டும், ஒரு முறம் நுழையும் அளவுக்குச் சந்து அடைபடாமல் நின்றுவிட்டது.

எல்லாம் அந்தச் சந்தில்தான் ஆரம்பித்தது.

முதல் வாரம் எலி அரிசிச் சாக்கைக் கிழித்தது. மகளின் பள்ளிக்கூட நோட்டைத் தின்றது. இரண்டாவது வாரம் ஆனந்தியின் முகூர்த்தப் பட்டு முந்தானையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை போட்டது. அவள் சேலையைத் தூக்கிக்கொண்டு ஓரகத்தியிடம் ஓடினாள். அழுவதற்கு அல்ல. அங்கேயும் ஏதாவது கிழிந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள.

"அய்யய்யோ, பட்டா?" சத்யபிரியா உச்சுக்கொட்டினாள். "எங்க பக்கம் ஒண்ணுகூட இல்லையேக்கா. நான் தெனமும் பினாயில் போட்டுத் தொடச்சிருவேன்."

அன்று ஆனந்திக்குச் சோறு இறங்கவில்லை. பட்டுச்சேலை போனதைக்கூட ஆற்றிக்கொள்ளலாம். அவள் பக்கம் ஒன்றுகூட இல்லை என்பதை எப்படி ஆற்றிக்கொள்வது?

"ஊரு எலி பூராம் நம்ம பக்கந்தான் குடியிருக்கணுமா?" என்று புருஷனிடம் பொருமினாள்.

"எலிக்குத் தெரியுமாடி பாகப்பிரிவினை?" என்றான் மதியழகன், செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

மருந்து வைத்தால், தின்ற எலி பரணுக்கு அடியில் போய்ச் செத்து ஒரு வாரம் வீட்டையே நாற அடித்தது. அதோடு மருந்து வேண்டாமென்று மதியழகன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். ஆனந்தி கடைவீதியில் ஒரு மரப்பொறி வாங்கிவந்தாள். உள்ளே கம்பியில் இரையைச் செருகி வைத்தால், எலி இழுத்ததும் பலகை 'டப்'பென்று விழுமே, அந்த மாதிரிப் பொறி. டீக்கடை மசால்வடை ஒன்றைக் கம்பியில் குத்தி வைத்தாள். அரைமணி நேரத்தில் ஒன்று விழுந்தது.

பிடித்த எலியை நாலு தெரு தள்ளிக் கொண்டுபோய் விடுவதுதான் வழக்கம். நாலு தெரு எதற்கு? ஆனந்தி பின்கட்டுக்குள் ஒருக்களித்து நுழைந்தாள். ஸ்டூலின் மேல் ஏறி, பொறியை உத்தரத்துச் சந்தில் அந்தப் பக்கம் பார்க்க வைத்து, பலகையைத் தூக்கினாள். எலி ஓரகத்தி பக்கம் தொபுக்கென்று குதித்தது. அன்றைக்குப் பழைய சோறும் மோர்மிளகாயும்கூட அவளுக்குக் கல்யாண விருந்தாக இருந்தது.

ஆனால் பத்து நாளாகியும் எலி குறையவில்லை. சந்தேகம் வந்து, பிடிபட்ட எலிகளின் வாலில் சிவப்பு நெயில்பாலிஷால் ஒரு பொட்டு வைத்து அனுப்பிப் பார்த்தாள். மறுநாளே சிவப்புப் பொட்டு வால் திரும்பிவந்து பொறியில் உட்கார்ந்திருந்தது. அந்தச் சிவப்புக்குப் பக்கத்தில், பளிச்சென்று, இன்னொரு பொட்டும் இருந்தது.

வெள்ளி நிறம். போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போக சத்யபிரியா பத்து விரலிலும் பூசிக்கொண்ட அதே வெள்ளி.

"ஒண்ணுகூட இல்லைன்னாளே, மூதேவி!" ஆனந்தி பல்லைக் கடித்தாள். கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அங்கேயும் எலி இருக்கிறது. அவளும் பிடிக்கிறாள். பிடித்து, இதே சந்தில் இங்கே தள்ளுகிறாள்.

இரண்டு பேரும் இதைப்பற்றி வாயைத் திறக்கவில்லை. குழாயடியில் பார்த்தால் "என்னக்கா வெஞ்சனம்?" "கத்திரிக்காதான், உனக்கு?" என்று தேன் ஒழுகப் பேசிக்கொண்டார்கள். வீட்டுக்குள் போனதும் பொறியை எடுத்தார்கள். சிவப்பு போனது, வெள்ளி வந்தது. ஒரே எலி அரைமணிக்கு ஒருதரம் பாகம் மாறியது. அந்த எலிக்குத்தான் அந்த வீட்டில் இரண்டு பாதியும் சொந்தம் என்று சொல்ல வேண்டும்.

மூன்றாவது அடையாளம் புரட்டாசி முதல் வெள்ளியன்று வந்தது.

பொறிக்குள் எலி ஓடவில்லை. பிறாண்டவில்லை. மூலையில் ஒடுங்கி, கண்ணை உருட்டிக்கொண்டு நடுங்கியது. வாலில் சிவப்பு, வெள்ளி இரண்டும் இருந்தன. கழுத்தில் ஏதோ சுற்றியிருந்தது. ஆனந்தி ஜன்னல் வெளிச்சத்தில் பொறியைத் தூக்கிப் பார்த்தாள்.

வாழைநார். மெல்லிசாகக் கிழித்த ஈர நார். இரட்டை முடிச்சுப் போட்டு, முடிச்சுக்குள் ஒரு முல்லை மொட்டைச் சொருகியிருந்தது.

முதலில் வந்தது பயம் இல்லை, பொறாமைதான். உயிருள்ள எலிக் கழுத்தில் இம்புட்டு நேர்த்தியாக முடிச்சுப் போட இவளுக்கு எப்படிக் கை வந்தது? கடையில் முழம் போட்டு வாங்கி வைப்பவள், பூக்கட்ட எங்கே கற்றுக்கொண்டாள்?

மறுநாள் குழாயடியில் சத்யபிரியாவே ஆரம்பித்தாள். முகம் வெளுத்திருந்தது.

"ஏன்க்கா... வெளையாட்டுன்னாலும் ஒரு அளவு இல்லையா?"

"என்ன வெளையாட்டு?"

"எலிக் கழுத்துல நாரு கட்டி விடுறீங்களே. மூணு எலி வந்திருச்சு, மூணுலயும் பூவு."

ஆனந்தியின் கையில் குடம் நிரம்பி வழிந்தது. அவள் குழாயை மூடவில்லை.

"நான் கட்டலடி. நீதான கட்டுற?"

"எனக்குப் பூக்கட்ட வராதுக்கா."

"எனக்கும் வராது."

 சத்யபிரியா முந்தானை முடிச்சிலிருந்து ஒரு நாரை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். முனை கத்தியால் அறுத்தது போல் இல்லை. நைந்து, பல் பதிந்திருந்தது.

அந்த வீட்டில் நாரைப் பல்லால் கடித்து அறுப்பவள் ஒருத்திதான் இருந்தாள்.

பொம்முத்தாயின் கதை தெருவில் எல்லோருக்கும் தெரியும், ஓரகத்திகள் இருவருக்கும் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். பாகம் பிரிக்கும்போது, செத்துப்போன மூத்தவன் பங்கு அவளுக்கு வர வேண்டியது. முகேஷ்குமார், பங்கு வேண்டாமென்று எழுதிக்கொடுக்கிற விடுதலைப் பத்திரம் ஒன்றை நீட்டினான். ரேஷன் கார்டு விஷயம் என்று சொன்னான். அவள் கைநாட்டு வைத்தாள். பிறகு ஆனந்தி குழைந்துகொண்டு போனாள். "ரூமுக்கு வெள்ளையடிக்கப் போறோம் பெரியக்கா. நாலு நாள் உங்க தம்பி வீட்ல இருந்துட்டு வாங்க." அவளே கூட்டிப்போய் குஜிலியம்பாறை பஸ்ஸில் உட்கார வைத்தாள். "டிக்கெட் நான் எடுத்துட்டேன்க்கா. நீங்க நிம்மதியா உக்காருங்க." அங்கே தம்பி வாசலில் இறக்கிவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பிவிட்டாள்.

ஐந்தாம் நாள் பொம்முத்தாய் மஞ்சப்பையோடு வந்தாள். அறைக்குக் குறுக்கே ஈரம் காயாமல் நின்ற சுவரைப் பார்த்தாள். சண்டை போடவில்லை. அவள் கத்துவாள் என்று வாசலில் வந்து நின்ற தெருவுக்கு ஏமாற்றம்தான். "என் கட்டில எந்தப் பக்கம் போட்டீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தம்பி வீட்டுக்கே திரும்பிப் போனாள். ஆறாவது மாதம் குஜிலியம்பாறையிலிருந்து சாவுச் செய்தி வந்தது. இரண்டு பேரும் போய், தலையைக் காட்டிவிட்டு, சாயங்காலமே வந்துவிட்டார்கள்.

"பெரியக்கா உங்ககூடத்தான பஸ்ல வந்துச்சு," என்றாள் சத்யபிரியா குழாயடியில், குரலை அடக்கி. "உங்க பக்கந்தான் வரும்."

"பத்திரம் எழுதுனது உன் புருஷன். உன் பக்கந்தான் வரும்."

செத்தவளை வைத்தும் பாகம் பிரித்துவிட்டு, ஆளுக்கொரு குடத்தோடு நடந்தார்கள்.

அதற்குப் பிறகு பின்கட்டில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. எலிச் சத்தமல்ல. சர்ரென்று நார் கிழிக்கிற சத்தம். கொஞ்ச நேரம் கழித்து, 'ணக்' என்று பல் படுகிற சத்தம். எந்தப் பக்கத்தில் என்று காதுக்குப் பிடிபடவில்லை.

சுவருக்குள்ளேயே இருந்தது.

இந்த இடத்தில் வேறு ஒருத்தியாக இருந்தால் கோயிலுக்கு ஓடியிருப்பாள், இல்லை குஜிலியம்பாறைக்குப் போய்த் தம்பி காலில் விழுந்திருப்பாள். ஆனந்தி பொறியை எடுத்தாள். எலியைப் பிடித்து அந்தப் பக்கம் விடலாம் என்றால், இதையும் பிடித்து ஏன் விடக்கூடாது?

இரைதான் யோசிக்க வேண்டியிருந்தது. மாமனார் இருந்தபோது சிறுமலை வாழைப்பழம் வரும். ஆம்பளைகளுக்கு, பிள்ளைகளுக்கு, பிறகு சின்ன மருமகள்களுக்கு. பொம்முத்தாய்க்குத் தோல்தான். அதன் உள்பக்கத்தைப் பல்லால் சுரண்டிச் சுரண்டித் தின்பாள். ஆனந்தி பார்த்திருக்கிறாள். பார்த்துச் சிரித்தும் இருக்கிறாள். நன்றாகப் பழுத்த சிறுமலைப் பழம் ஒன்றை வாங்கிவந்து கம்பியில் செருகினாள்.

அன்று மாதாந்திர மின்தடை. ஃபேன் இல்லை. மகள் பள்ளிக்கூடத்தில், புருஷன் வேலையில். சிறுமலைப் பக்கம் மேகம் கட்டி, மத்தியானம் இரண்டு மணிக்கே வீடு மங்கிவிட்டது. ஆனந்தி கூடத்தில் வெறுந்தரையில் படுத்துக் காத்திருந்தாள்.

டப்.

எழுந்து போனாள். ஒருக்களித்து நுழைந்தாள். ஈர நாரும் முல்லையும் கலந்த வாசனை மூச்சை அடைத்தது. பொறிக்குள் எலி இல்லை.

பழம் இல்லை.

தோல் மட்டும் நாலு கீற்றாக உரிந்து, உள்பக்கம் சுத்தமாகச் சுரண்டப்பட்டு, கம்பியில் தொங்கியது.

பொறியைத் தூக்கினாள். ஒரு கையால் தூக்குகிற பொறி இரண்டு கைக்கும் வரவில்லை. வயிற்றில் அணைத்து, ஸ்டூலில் ஏறி, சந்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு பலகையைத் தூக்கினாள். கன்னத்தை உரசிக்கொண்டு ஏதோ குளிர்ச்சியாகப் போயிற்று. போகும்போது, மிக அருகில், ஒரு மூச்சு.

பொறி காற்றாய்க் கனம் குறைந்தது.

ஆனந்தி இறங்கி, கதவைச் சாத்தி, சிரித்தாள்.

சிரிப்பு மூன்று நாள்தான் நீடித்தது. நாலாம் நாள் காலையில் சத்யபிரியாவின் வாசல் நிலையில் புதுப்பூச்சரம் தொங்கியது. நெருக்கமாக, ஒரு மொட்டுக்கூட விலகாமல். அவள் தலையிலும் நாலு முழத்துக்குக் குறையாமல் முல்லை. அவள் பக்கம் எலி அடியோடு ஒழிந்துவிட்டது. பாத்திரம் பண்டம் யாரோ விளக்கி அடுக்கிவைத்தது போல் மின்னியது.

"யாருடி கட்டுனது?"

"பெரியக்காதான்," என்றாள் சத்யபிரியா. எங்கேயோ பார்த்தாள். கண் ஒரு வாரம் தூங்காதவள் கண்ணைப் போல் இருந்தது. "உக்காந்து கட்டிக்கிட்டே இருக்கு. நிறுத்தவே மாட்டேங்குது."

பயப்பட வேண்டிய இடம். ஆனந்திக்குப் பயமும் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் அதைத் தூக்கிச் சாப்பிடுகிற எரிச்சல் ஒன்று கிளம்பியது. கொண்டுபோய் விட்டது நான். பழம் வாங்கிக் கொடுத்தது நான். பூ அவளுக்கா?

அன்று மத்தியானம் ஸ்டூலில் ஏறி, சந்தில் வாயை வைத்து, கிசுகிசுத்தாள்.

"பெரியக்கா... எனக்கும் ஒரு முழம்..."

அந்தப் பக்கம் நார் கிழிக்கிற சத்தம் நின்றது.

கேட்டுக்கொண்டிருப்பது போல் நின்றது.

மறுநாள் சத்யபிரியாவைக் காணவில்லை. சாயங்காலம் குஜிலியம்பாறையிலிருந்து போன் வந்தது. பொம்முத்தாயின் தம்பி வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாளாம். எப்படி வந்தாய் என்றால், "கொண்டாந்து விட்டாங்க" என்பதைத் தவிரப் பேச்சில்லையாம். வலது கணுக்காலில் வாழைநார் கட்டியிருந்ததாம். முகேஷ்குமார் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். போகும்போது சாவியை நீட்டினான்.

"மதினி, சாயந்தரம் ஒரு லைட்ட மட்டும் போட்டு விடுங்க. வீடு இருண்டு கெடக்க வேணாம்."

சாவி ஆனந்தியின் உள்ளங்கையில் சூடாக உட்கார்ந்தது. வந்த நாளிலிருந்து அந்த வீட்டுக்குள் தனியாக ஐந்து நிமிஷம் கிடைக்காதா என்று ஏங்கியவள் அவள். போகக்கூடாது என்று காலுக்குத் தெரிந்திருந்தது. காலின் பேச்சை யார் கேட்டார்கள்?

மறுநாள் நாலு மணிக்குத் திறந்தாள். கூடம் குளிர்ச்சியாக இருந்தது. வாஷிங் மெஷினின் மூடியைத் திறந்து மூடினாள். பீரோவில் சேலைகளை ஒவ்வொன்றாகத் தொட்டாள். மாடுலர் கிச்சனின் இழுப்பறைகள் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தன. இது மட்டும் நமக்கு வந்திருந்தால் என்று ஒரு பெருமூச்சு விட்டுத் திரும்பினாள்.

மேடையின் மேல், வாழையிலைத் துண்டில், பூச்சரம் சுருட்டி வைத்திருந்தது.

முல்லை. நடுநடுவே கனகாம்பரம். சத்யபிரியா வைத்ததைவிட நீளம். ஐந்து முழமாவது இருக்கும்.

ஐந்து முழம். அவளுக்கு நாலுதான்.

ஆனந்தியின் கை தானாக நீண்டது. சரத்தை எடுத்தாள். மூக்கில் வைத்தாள். கொண்டையில் சுற்றினாள். எவர்சில்வர் டப்பாவில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

டப்.

வாசல் கதவு.

காற்று இல்லை.

டப்பாவில் தன் முகத்துக்குப் பின்னால் கூடம் தெரிந்தது. கூடத்தில் யாரும் இல்லை. கணுக்காலில் மட்டும் ஏதோ ஈரமாக, நிதானமாக, ஒரு சுற்றுச் சுற்றியது. இரண்டாவது சுற்று. இறுகியது. பிறகு அந்த இடத்தில் சில்லென்று ஒரு மூச்சு பட்டது.

ணக்.

அடுத்து அவளுக்குத் தெரிந்தது ஜன்னல் கம்பி. கம்பிக்கு வெளியே ஓடும் வேலிமரங்கள், செம்மண் காடு, மேயும் வெள்ளாடுகள். பஸ் குலுங்கியது. மடியில் ஒரு மஞ்சப்பை. அது அவளுடையது இல்லை. பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை. இருக்கை மட்டும் நனைந்திருந்தது. அதில் ரெண்டு முல்லை மொட்டு.

கண்டக்டர் வந்தார். ஆனந்தி உதட்டை அசைத்துப் பார்த்தாள். 

"அண்ணே... இது எங்க போகுது?"

"குஜிலியம்பாறைம்மா."

"நான் டிக்கெட்டு..."

"உங்கள ஏத்திவிட்டவங்க எடுத்துட்டாங்களே." கண்டக்டர் அவள் தலைப்பூவை ஒரு பார்வை பார்த்துச் சிரித்தார். "நாலு நாள் இருந்துட்டு வரட்டும்னு சொன்னாங்க. நீங்க நிம்மதியா உக்காருங்க."

அன்று பொழுது சாயும் நேரம் தெரு வழியாகப் போன எல்லோரும் பார்த்தார்கள். மதியழகன் இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை, மகள் டியூஷனிலிருந்து வரவில்லை. முகேஷ்குமார் ஊரில் இல்லை. இரண்டு பாதியிலும் விளக்கு எரிந்தது. இரண்டு வாசல் நிலையிலும் புதுப்பூச்சரம் தொங்கியது. ஈர நார்முனையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.